டாலரில் ஒரு வீசம்

ஒரு மொழிபெயர்ப்பு வேலையில்தான் அந்தச் சொல்லை முதலில் சந்தித்தேன். அமெரிக்காவில் நடக்கும் கதை. வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, பின்கதவின் தாழ்ப்பாள் சேரவில்லை, படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்று வரிசையாக எழுதிக் கொடுக்கிறாள். வீட்டுக்காரர் ஒரே வரியில் பதில் அனுப்புகிறார்: இவை ‘பிக்கயூன்’ புகார்கள், எனக்கு வேறு வேலை இருக்கிறது.

‘அற்பமான புகார்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மனம் ஒப்பவில்லை. பொருள் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த மனிதரின் உதட்டுச் சுழிப்பு ‘அற்பம்’ என்ற சொல்லில் வரவில்லை. திரும்பி வந்து ‘சில்லறைத்தனமான’ என்று மாற்றினேன். குரல் இப்போது பிடிபட்டது போலிருந்தது. அதன்பிறகுதான் அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தேன். பிக்கயூன் என்பதும் சில்லறைதான். உவமைக்காகச் சொல்லவில்லை. சந்தையில் கைமாறிய, விரலிடுக்கில் நழுவி விழுந்தால் மண்ணைத் துழாவித் தேடிய நிஜமான வெள்ளிக்காசு அது.

இன்று இந்தச் சொல் அமெரிக்க ஆங்கிலத்தில்தான் மிகுதியாகப் புழங்குகிறது. பிக்கயூன் ஆட்சேபம், பிக்கயூன் விதி, பிக்கயூன் சண்டை என்பார்கள். ‘ட்ரிவியல்’ என்று சொன்னால் விஷயம் சிறியது என்று மட்டும் பொருள். பிக்கயூன் அதோடு நிற்பதில்லை. சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே என்று எதிராளியின் மனத்தையும் சேர்த்துச் சிறிதாக்கும். நம் ‘சில்லறைப் புத்தி’க்கு மிக நெருங்கிய உறவு.

அந்தக் காசு புழங்கிய நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய ஊர். அந்த ஊரையும் ஆற்றின் மேற்கே விரிந்த பரந்த நிலத்தையும் 1762-இல் பிரான்ஸ் ஸ்பெயினுக்குக் கொடுத்தது. ஆட்சி ஸ்பெயினுடையதானாலும் ஊராரின் பேச்சு பிரெஞ்சாகவே இருந்தது. கையில் வந்து விழுந்த காசோ மெக்சிகோ நகரத்து ஸ்பானிய அக்கசாலையில் அச்சான வெள்ளி. பெரிய நாணயம் பேசோ. அதைத்தான் ஆங்கிலேயர் ஸ்பானிய டாலர் என்றார்கள். ஒரு பேசோவுக்கு எட்டு ரியால். ரியாலிலும் பாதி உண்டு. அந்த அரை ரியால் ஏறக்குறைய 1.7 கிராம் எடையுள்ள மெல்லிய வெள்ளித் தகடு. பல கை மாறி மாறி அரசனின் முகம் தேய்ந்து மழுங்கிப் போயிருக்கும்.

அந்த அரை ரியாலுக்கு நியூ ஆர்லியன்ஸ் மக்கள் ‘பிக்காயோன்’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானியச் சொல் அல்ல அது. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையில் கிடந்த சவோய், பியத்மாந்துப் பகுதிகளில் ஒருகாலத்தில் ஓடிய செப்புக்காசின் பெயர். தென்பிரான்சின் ப்ரொவான்சால் மொழியில் காசு குலுங்கும் ஒலியைக் குறித்த ஒரு வினையிலிருந்து அது வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் பாட்டன்மார் பையில் குலுங்கிய செப்புக்காசின் பெயரை, அந்நிய அரசனின் முகம் பொறித்த வெள்ளிக்காசுக்குச் சூட்டியிருக்கிறார்கள். புது ஊரில் கண்ணில் பட்ட மரத்துக்கும் மீனுக்கும் பிறந்த ஊர்ப் பெயரை வைப்பதில்லையா, அதுபோல.

1803-இல் அமெரிக்கா அந்த நிலம் முழுவதையும் 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. அமெரிக்க டாலரே ஸ்பானிய டாலரைப் பார்த்து அளவெடுத்ததுதான். ஆகவே எட்டு ரியால் ஒரு டாலர், அதாவது நூறு சென்ட். ஒரு ரியால் பன்னிரண்டரை சென்ட். அரை ரியால் ஆறேகால் சென்ட்.

ஆறேகால் என்ற அந்த எண்ணைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாலரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் அதற்குப் பெயரே உண்டு: வீசம். ரூபாயில் வீசம் என்றால் ஓர் அணா. டாலருக்கு பிக்கயூன் எப்படியோ ரூபாய்க்கு அணா அப்படி. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசமக் காசுக்கு மாறியபோது ஓர் அணாவின் மதிப்பு சரியாக ஆறேகால் நயா பைசா. கால் பைசாவை யாரால் எண்ணிக் கொடுக்க முடியும்? ஆறாகக் கொடுத்தார்கள். போன கால் பைசாவைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னால், 1857 பிப்ரவரி 21 அன்று, அமெரிக்கா ஒரு சட்டத்தால் அந்நிய நாணயங்களின் செலாவணியை நிறுத்தியது. ஸ்பானிய அரை ரியாலை அரசு அலுவலகங்கள் ஐந்து சென்டுக்கு எடுத்துக்கொள்ளும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆறேகால் ஐந்தாயிற்று. பெயர் உடனே சாகவில்லை. ஐந்து சென்ட் காசையே பிக்கயூன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதே அரை ரியாலுக்கு அமெரிக்காவின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெயர் வைத்திருந்தது. பென்சில்வேனியாவில் ‘ஃபிப்’, நியூயார்க்கில் ஆறு பென்ஸ், நியூ இங்கிலாந்தில் நாலரைப் பென்ஸ். மூன்றும் காசோடு காசாக மறைந்துவிட்டன. தெற்கத்திப் பெயர் மட்டும் பெயர்ச்சொல்லாக இருந்து, ஓர் எழுத்தும் மாறாமல் பெயரடையாகி உயிர் பிழைத்தது. அதன் ஓசையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடைசி அசையை நீட்டிச் சொல்லும்போதே ஓர் அலட்சியம் ஒட்டிக்கொள்கிறது. அதே ஸ்பானிய டாலர் இன்னொரு வசையையும் விட்டுப்போனது. ரியாலுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘பிட்’. இரண்டு பிட் கால் டாலர். மட்டமான ஆளை ‘டூ பிட்’ ஆள் என்று அமெரிக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள். நாலு பிக்கயூன் பெறும் மனிதன் என்று அர்த்தம்.

காசின் பெயர் வசையாவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். காலணா பெறாதவன், செல்லாக்காசு, தம்பிடிக்குப் பிரயோசனமில்லை, ஓட்டைக் காலணா என்று நம்மிடமும் ஒரு மடிநிறைய இருக்கின்றன. ஆனால் அதே காசுப்பெயர் வேறொரு வாயில் போய் நேர்மாறாகவும் ஆகிறது. ‘சல்லிக்காசு பெறாது’ என்று தமிழ்நாட்டில் ஒன்றைத் தள்ளிவைக்கிறோம். பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையில் ‘சல்லி’ என்றாலே பணம். கையில் சல்லி இருக்கா என்றால் கைநிறையப் பணமிருக்கிறதா என்றுகூடப் பொருள் கொள்ளலாம். டச்சுக்காரர்களின் செப்புக்காசுக்கு ‘டாய்ட்’ என்று பெயர். அது ஆங்கிலத்துக்குப் போய் ஒன்றுக்கும் பெறாத தொகைக்குப் பெயரானது, ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் அப்படியே வருகிறது. தமிழுக்கு வந்து ‘துட்டு’ ஆனது. சென்னையில் துட்டுள்ளவன் என்றால் வசதியானவன். பிக்கயூனுக்கும் இதே இரட்டை விதிதான். பிரெஞ்சுக் கொச்சையில் ‘பிக்காயோன்’ என்றால் இன்றும் பணம், துட்டு. ஆங்கிலத்தில் அதே சொல் குப்பை. அந்தக் காசை எண்ணி வாழ்ந்தவர் வாயில் அது பணம். எண்ண வேண்டிய அவசியமில்லாதவர் வாயில் அது அற்பம். அகராதியில் ஏறியது இரண்டாமவரின் பொருள்.

அந்தக் காசை எண்ணி வாழ்ந்தவர்கள் யார்? நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் கருப்பினப் பெண்கள் தலையில் கூடை வைத்து ‘காலா’ என்ற அரிசிப் பணியாரத்தைச் சுடச்சுடக் கூவி விற்றார்கள். புளித்த அரிசி மாவில் சர்க்கரை சேர்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் பணியாரம். அவர்களில் பலர் அடிமைகள். ஸ்பானிய ஆட்சிச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருந்தது: அடிமையாக இருப்பவர் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்து விடுதலை வாங்கிக்கொள்ளலாம். ரோஸ் நிக்கோ என்ற பெண் தள்ளுவண்டியில் காப்பி விற்றுத் தன் விடுதலையை வாங்கினாள் என்று அந்த ஊரில் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு குவளைக் காப்பிக்கு அவள் முந்தானையில் விழுந்த காசுகள் இப்படிப்பட்ட சிறு வெள்ளிகளாகத்தான் இருந்திருக்கும். நூற்றுக்கணக்கான டாலர் விலையை அரை ரியாலில் சேர்க்க எத்தனை விடியற்காலை வேண்டும்! ஒரு டாலருக்குப் பதினாறு காசு. ஐந்நூறு டாலர் என்று வைத்துக்கொண்டால் எட்டாயிரம் காசு. வாழ்க்கையில் எட்டாயிரம் முறை குனிந்து ஊற்றினால்தான் நிமிர முடியும். இந்தக் காசின் பெயர்தான் ‘பொருட்படுத்தத் தேவையற்றது’ என்ற பொருளில் அகராதியில் உட்கார்ந்திருக்கிறது.

இதே காசை நம்பி ஒரு பத்திரிகையும் பிறந்தது. அச்சுத் தொழிலில் ஊறிய இரண்டு பேர் நியூ ஆர்லியன்ஸில் கூட்டுச் சேர்ந்தார்கள். வட கரோலினாக்காரர் பிரான்சிஸ் லம்ஸ்டன், நியூ ஹாம்ப்ஷயர்க்காரர் ஜார்ஜ் வில்கின்ஸ் கெண்டல். சில ஆண்டுகளுக்கு முன்பு, 1833-இல், நியூயார்க்கில் ‘சன்’ பத்திரிகை ஒரு சென்டுக்கு வந்து, செய்தித்தாள் என்றால் வியாபாரிகளும் வழக்கறிஞர்களும் ஆண்டுச் சந்தா கட்டிப் படிப்பது என்ற வழக்கத்தை உடைத்திருந்தது. நியூ ஆர்லியன்ஸில் செப்புச் சென்டுக்கு மதிப்பில்லை. ஊரில் தாராளமாகப் புரண்ட சிறு காசு பிக்கயூன். அதையே விலையாக வைத்தார்கள், அதையே பெயராகவும் வைத்தார்கள். 1837 ஜனவரி 25 அன்று ‘தி பிக்கயூன்’ முதல் இதழ் வந்தது. நாலு பக்கம், சின்னத் தாள்.

அப்போதே பிக்கயூன் என்ற சொல்லுக்கு அற்பம் என்ற பொருள் பேச்சில் ஏறிவிட்டிருந்தது. தெரிந்தேதான் வைத்தார்கள். நம்மூரில் 1930-களில் ‘சுதந்திரச் சங்கு’ காலணாவுக்கு விற்றபோது ‘காலணாப் பத்திரிகை’ என்ற சொல்லே ஒரு பெருமையாக மாறியது நினைவுக்கு வருகிறது. ஆனால் யாரும் காலணா என்றே பெயர் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. வசைச் சொல்லை நெற்றியில் எழுதிக்கொண்டு தெருவில் இறங்கியதில் ஒரு நெஞ்சுரம் இருக்கிறது. அந்த நெஞ்சுரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெயருக்கு ஏற்பச் சின்ன விஷயங்களை எழுதினார்கள். டெனிஸ் கார்கரன் என்ற நிருபர் தினமும் காலையில் போலீஸ் கோர்ட்டில் போய் உட்காருவார். குடித்துவிட்டுத் தெருவில் படுத்தவன், அடுத்த வீட்டுக்காரியோடு சண்டை போட்டவள், வாத்து திருடியவன் என்று யாருடைய வழக்கானாலும் அவரவர் பேச்சு வாடையோடு எழுதுவார். ஊர் விழுந்து விழுந்து படித்தது. 1846-இல் அவை புத்தகமாகவும் வந்தன.

அதே 1846-இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் போரில் இறங்கின. கெண்டல் படையோடு போனார். உலகின் முதல் போர்ச் செய்தியாளர்களில் ஒருவராக இன்று அவரை எண்ணுகிறார்கள். குதிரை வீரர்களை வழிநெடுக நிறுத்திச் செய்தியைக் கடற்கரைக்குக் கடத்தினார். அங்கிருந்து கப்பலில் நியூ ஆர்லியன்ஸ். கப்பல் துறைக்கு வந்து சேரும் நேரத்தைக்கூட வீணாக்காமல், வேகமான நீராவிப் படகில் அச்சுக்கோப்பவர்களை எதிரே அனுப்பி, தண்ணீரிலேயே எழுத்துக் கோத்துக்கொண்டு வரச் செய்தார்கள். வாஷிங்டனுக்குப் படைத்தளபதிகளின் அதிகாரப்பூர்வக் கடிதம் போய்ச் சேரும் முன்பே பிக்கயூனின் செய்தி போய்ச் சேர்ந்தது, ஒரு முறையல்ல, பல முறை.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். அந்நாளைய நியூ ஆர்லியன்ஸ் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை. அந்த ஊரின் மற்ற பத்திரிகைகளைப் போலவே பிக்கயூனும் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு வெகுமதி என்ற விளம்பரங்களை அச்சிட்டது. மனிதர்களை ஏலம் விடும் அறிவிப்புகளை அச்சிட்டது. ஏழையின் காசுக்கு விற்ற தாளில் ஏழையிலும் ஏழையானவரின் விலை இருந்தது. தலைப்பில் இருந்த நெஞ்சுரம் விளம்பரப் பக்கம் வரை போகவில்லை. காலாப் பணியாரம் விற்ற பெண் அந்தத் தாளை வாங்கியிருக்க முடியாது என்பதல்ல, அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே 1830-இல் லூசியானா சட்டம் குற்றமாக்கியிருந்தது.

நிறுவியவர்கள் இருவரும் உள்நாட்டுப் போர்க் காலத்துக்குள் விலகிவிட்டார்கள். லம்ஸ்டன் 1860-இல் மிச்சிகன் ஏரியில் ‘லேடி எல்ஜின்’ கப்பல் மூழ்கியபோது இறந்தார். கெண்டல் டெக்சாஸில் ஆடு வளர்த்து 1867-இல் மறைந்தார். அங்கே ஒரு மாவட்டத்துக்கே அவர் பெயர்.

அதன்பின் வந்தவள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவள். எலைசா ஜேன் பாய்ட்டவென்ட், மிசிசிப்பி மாநிலத்தில் பேர்ல் ஆற்றங்கரைக் காட்டில் மாமன் வீட்டில் வளர்ந்தவள். ஆற்றின் பெயரையே புனைபெயராக்கி ‘பேர்ல் ரிவர்ஸ்’ என்று கவிதை எழுதினாள். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்க்க நகரத்துக்குப் போகிறேன் என்றபோது குடும்பம் கூடாது என்றது. போனாள். பிக்கயூனின் இலக்கியப் பக்கத்தைப் பார்த்தாள். 1872-இல் உரிமையாளர் ஆல்வா ஹோல்ப்ரூக்கை மணந்தாள். 1876-இல் அவர் இறந்தபோது அவளுக்குக் கிடைத்தது பத்திரிகையும் எண்பதாயிரம் டாலர் கடனும். கடனை உதறிவிட்டு ஆற்றங்கரைக்குத் திரும்பியிருக்கலாம். அவள் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பெண்ணின் கீழ் வேலை பார்க்க விரும்பாதவர்கள் இப்போதே போகலாம் என்று ஊழியர்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு, சொல்லியிருக்கக்கூடியவள்தான். நிர்வாகியாக இருந்த ஜார்ஜ் நிக்கல்சனைப் பிறகு மணந்து, இருவருமாகக் கடனை அடைத்தார்கள். அமெரிக்காவில் ஒரு பெருநகர நாளிதழை நடத்திய முதல் பெண் என்று அவளைச் சொல்கிறார்கள்.

மற்ற பத்திரிகைகள் சில்லறை என்று ஒதுக்கியவற்றுக்கு அவள் இடம் கொடுத்தாள். பெண்களுக்குப் பக்கம், குழந்தைகளுக்குப் பக்கம், வீட்டுக் குறிப்புகள், வாயில்லாப் பிராணிகளை வதைப்பவர்களுக்கு எதிரான எழுத்து. ஊரின் வம்புதும்புகளுக்கும் ஒரு பத்தி. விற்பனை ஏறியது. 1896 பிப்ரவரியில் ஃப்ளூ காய்ச்சலில் கணவரும் அவளும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள்.

அவள் வளர்ந்த இடத்துக்கு 1880-களில் ரயில் வந்தபோது, நிலையத்துக்கு அவள் தன் பத்திரிகையின் பெயரை வைத்தாள். அதைச் சுற்றி வளர்ந்த ஊர் 1904-இல் நகராட்சியானது. மிசிசிப்பி மாநிலத்தில் பிக்கயூன் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முகவரியில் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள்.

மார்க் ட்வைன் 1882-இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். அடுத்த ஆண்டு வெளிவந்த மிசிசிப்பி நூலில், அந்த ஊரில் தான் பெற்ற அருமையான சொல் ஒன்றைப் பற்றி எழுதினார்: ‘லான்யாப்’. முதலில் பார்த்தது பிக்கயூன் பத்திரிகையின் துணுக்குப் பத்தியில்தான் என்கிறார். கடையில் சாமான் வாங்கியபின் கடைக்காரர் கூடுதலாகக் கையில் வைக்கும் சின்னப் பொருள் அது. நாம் கொசுறு என்போம். குழந்தைக்கு ஒரு துண்டு அதிமதுரம், வேலையாளுக்கு ஒரு மலிவுச் சுருட்டு. ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானியத்தில் நுழைந்து, லூசியானாப் பிரெஞ்சுக்குள் வந்த சொல். ஒரு பிக்கயூனுக்குச் சாமான் வாங்கினாலும் கொசுறு உண்டு. அந்தச் சந்தையில் சிறு காசுக்கு இருந்த மரியாதைக்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

பிக்கயூன் பத்திரிகை 1914-இல் இன்னொரு பத்திரிகையோடு இணைந்து ‘டைம்ஸ் பிக்கயூன்’ ஆயிற்று. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அடித்துக் கரைகள் உடைந்து, ஊரில் ஐந்தில் நாலு பங்கு நீரில் மூழ்கியது. மறுநாள் காலை அலுவலகத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறியபோது பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிச் செல்லும் லாரிகளில் ஊழியர்கள் வெளியேறினார்கள். சிலர் இறங்கி ஊருக்குள்ளேயே திரும்பி எழுதினார்கள். மூன்று நாள் காகிதம் இல்லை, இணையத்தில் மட்டும் செய்தி. எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பாலம் திறந்திருக்கிறது, யார் எங்கே கூரைமேல் நிற்கிறார்கள் என்று ஊரைவிட்டு ஓடியவர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வேறு நாளில் யாரும் ஏறெடுத்தும் பார்க்காத தெருக்கணக்கு அது. 2006-இல் இரண்டு புலிட்சர் பரிசுகள் வந்தன.

2012 அக்டோபரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் மட்டும் அச்சிடுவதென நிர்வாகம் முடிவு செய்தபோது ஊர் கொதித்தது. 2019-இல் போட்டிப் பத்திரிகையான ‘அட்வகேட்’ அதை வாங்கியது. இரண்டு பெயரும் சேர்ந்த தலைப்போடு வருகிறது. கண்ணில் காணாமல் போன காசின் பெயர் இன்னமும் அந்தத் தலைப்பில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு என் கையெழுத்துப் பிரதிக்குத் திரும்பினேன். வீட்டுக்காரரின் பதில் வரியை மூன்றாம் முறையாக அடித்தேன். ‘சில்லறைத்தனமான’ என்பதில் குரல் இருந்தது, காசு இல்லை. ‘காலணா பெறாத புகார்கள்’ என்று எழுதினேன். அதற்கு அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் ஒழுகும் குழாயின் கீழே பாத்திரம் வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை பாத்திரம் நிறைகிறது என்று சுவர் நாட்காட்டியில் குறிக்க ஆரம்பிக்கிறாள்.